எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து: பழைய லாரியை வைத்திருப்பதா, தள்ளிவிடுவதா?

மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கம் ஒன்றிரண்டு லாரி வைத்துப் பிழைப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வாடகை கட்டுபடியாகவில்லை என்ற புலம்பலுக்கு அடுத்து வருவது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) பேச்சுதான். "கட்டணத்தை ஏத்திட்டாங்க, மெஷின்ல விட்டு செக் பண்றாங்களாம், பதினஞ்சு வருஷம் ஆனா வண்டியை உடைச்சிடுவாங்களாம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது அரசு வண்டிகளுக்கு மட்டும் உண்மை. இந்தக் குழப்பத்திலேயே சிலர் நன்றாக ஓடுகிற வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலர் எப்போதோ போயிருக்க வேண்டிய வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் பட்டறைக்கு அழுகிறார்கள்.

நான் லாரி புக்கிங் ஆபீஸில் காகிதம் பார்க்கிறவன். வண்டிக்கு முன்னால் அதன் ஆர்.சி.தான் (பதிவுச் சான்றுதான்) என் கண்ணில் படும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து, பத்து வயதை ஒட்டியோ தாண்டியோ நிற்கும் ஒரு பத்து சக்கர லாரியை வைத்து என்னென்ன செய்யலாம், எதற்கு எது பொருந்தும் என்று எழுதுகிறேன். பேருந்துக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம்.

வயதுக் கணக்கு

புதிதாக எடுத்த லாரிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் எஃப்.சி. கவலை கிடையாது. அப்புறம் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எட்டைத் தாண்டினால் வருடா வருடம். 2018 நவம்பரில் வந்த திருத்தம் இது. அதற்கு முன்பு முதல் இரண்டு ஆண்டு முடிந்ததுமே வருடா வருடம் காட்டியாக வேண்டியிருந்தது.

பத்தாவது வயது புதிதாகச் சேர்ந்த படி. 2025 நவம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை வரும்வரை, பழைய வண்டிக்கான கூடுதல் கட்டணம் பதினைந்து வயதுக்குப் பிறகுதான். அந்த அறிவிக்கை அதைப் பத்துக்கு இறக்கியது. பத்து முதல் பதினைந்து, பதினைந்து முதல் இருபது, இருபதுக்கு மேல் என்று மூன்று அடுக்கு. இருபதைத் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய், நடுத்தர வண்டிக்கு 20,000 ரூபாய். லாரி உரிமையாளர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. எந்த வயது வண்டியானாலும், பணம் கட்டும் நாளில் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் திரையில் வரும் தொகையைத்தான் நம்ப வேண்டும். டீக்கடையில் சொல்லும் தொகையை அல்ல.

பன்னிரண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆக்ஸில் உள்ள ஆறு சக்கர லாரிக்குப் பன்னிரண்டு வயதோடு நேஷனல் பர்மிட், அதாவது வெளிமாநிலங்களில் ஓடும் அனுமதி, முடிந்துவிடும். பத்து சக்கரம், பன்னிரண்டு சக்கரம் போன்ற மல்டி ஆக்ஸில் வண்டிகளுக்கு அது பதினைந்து. வடசென்னைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மதுரைப் பக்கத்து லாரிக்காரருக்குச் சட்டென்று புரியாது. ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் தடா, அதை ஒட்டி ஸ்ரீசிட்டி, இன்னும் மேலே போனால் நெல்லூர், கிருஷ்ணபட்டினம் துறைமுகம். நம் லோடில் பாதி அந்தப் பக்கம்தான் போகிறது. ஆண்டுக்கு 16,500 ரூபாய் கூட்டுக் கட்டணம் கட்டி நாடு முழுக்க ஓடிய வண்டி, ஒரு பிறந்தநாளோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் சுருங்கிவிடுகிறது. எஃப்.சி. கையில் இருக்கும், வண்டியும் திடமாக இருக்கும், ஆனால் லோடு கொடுப்பவர் கேட்கும் ஊருக்குப் போக முடியாது.

பதினைந்தில் மல்டி ஆக்ஸிலுக்கும் அதே கதி. அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்பது 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அதைப் பார்த்துத்தான் "எல்லாருக்கும் பதினைந்து" என்ற வதந்தி கிளம்பியது. தனியார் லாரிக்கு வயதை மட்டும் காரணம் காட்டித் தமிழ்நாட்டில் யாரும் உடைக்கச் சொல்வதில்லை. எஃப்.சி.யில் தேறினால் ஓடலாம். தேறாமல் மறு சோதனையிலும் விழுந்தால்தான் ஆயுள் முடிந்த வண்டி என்று குறிப்பார்கள்.

இவை போக வயதோடு சேர்ந்து வரும் இன்னொரு கணக்கு எடை. 2018 ஜூலையில் ஆக்ஸில் எடையை உயர்த்தினார்கள். பத்து சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. ஆர்.சி.யில் இன்னும் 25 என்று நிற்கும் வண்டி, பக்கத்தில் நிற்கும் புது வண்டியைவிட மூன்றரை டன் குறைவாகத்தான் சட்டப்படி ஏற்றலாம். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் டன் கணக்கில் வாடகை பேசுகிறவர்களுக்கு இந்த மூன்றரை டன் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அதை ஈடுகட்ட ஓவர்லோடு அடித்தால், 2019 செப்டம்பர் முதல் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரே ஒரு தடவை மாட்டினால் அந்த மாதத்து லாபம் போச்சு.

பிரேக் இன்ஸ்பெக்டரும் மெஷினும்

தானியங்கிச் சோதனை மையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கேதான் சோதனை என்றார்கள், பிறகு 2024 அக்டோபருக்குத் தள்ளினார்கள். மையம் இயங்கத் தொடங்கிய ஆர்.டி.ஓ. எல்லையில் வண்டி மையத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் பழையபடி பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸின் மோட்டார் வாகன ஆய்வாளர். தண்டையார்பேட்டை வண்டியா, செங்குன்றம் வண்டியா என்பதைப் பொறுத்து, ஆன்லைனில் நாள் பதியும்போதே எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எது மேல் என்று கேட்டால், இரண்டிலும் குறை உண்டு. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வருவார், சேஸிஸ் (அடிச்சட்டம்) நம்பரைப் பார்ப்பார், லைட், ஹாரன், வைப்பர் போடச் சொல்வார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் அடிக்கச் சொல்வார். அனுபவம் உள்ளவர் என்றால் ஸ்டீரிங் ஆடுவதை வைத்தே கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் நாளொன்றுக்கு அத்தனை வண்டிகளை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு போகும் வண்டிக்குக் கிடைக்கும் கவனம் காலையில் போன வண்டிக்குக் கிடைத்ததைப் போல இருக்காது.

மெஷினுக்குக் களைப்பு கிடையாது, முகம் பார்க்கவும் தெரியாது. உருளை மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பிரேக்கின் பிடியை அளக்கும். பழைய லாரிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும்; டிரைவரும் "பிரேக் சூப்பரா இருக்குண்ணே" என்பார். உருளையில் ஏற்றினால் இடது பக்கம் ஒரு பிடி, வலது பக்கம் ஒரு பிடி. காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஹப்பில் சீல் கசிந்து கிரீஸ் லைனிங் மேல் படிந்திருக்கும். ஒரு பக்கத்து டிரம்மை மட்டும் லேத்தில் கடைந்திருப்பார்கள். ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் லூசாகவும் இருக்கும். இந்த வித்தியாசம்தான் மழை நாளில் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மெஷின் அதைப் பிடிக்கிறது என்றால் அதன் மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை.

மெஷின் வைத்திருப்பவர் பட்டறையும் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. "ஃபெயில், ஆனா நம்ம ஷெட்ல விட்டீங்கன்னா சரி பண்ணிடலாம்" என்ற வியாபாரம் நடக்கக் கூடாது அல்லவா.

வழி ஒன்று: வேலை பார்த்து, எஃப்.சி. காட்டி, ஓட்டுவது

கைமாறாமல் ஒரே கையில் ஓடிய வண்டி, எஞ்சினை ஒருமுறைதான் இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயது, ஓட்டமெல்லாம் மணலிக்கும் மாதவரத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் இடையில்தான். இப்படி ஒரு வண்டி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியைத்தான் சொல்வேன். தவணை முடிந்த வண்டிக்கு நிகரான சொத்து இந்தத் தொழிலில் இல்லை. லோடு இல்லாத நாளில் ஷெட்டில் நின்றாலும் பேங்க்காரன் போன் வராது.

ஆனால் செலவைச் சரியாக எழுத வேண்டும். எஃப்.சி. கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு "இவ்வளவுதான்" என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் கட்டணம் சின்னத் தொகை. பெரியது வண்டி நிற்கும் நாட்கள். டிங்கரிங், பெயின்ட், கமான் பட்டை, லைனிங், வயரிங் என்று மூலக்கடைப் பக்கத்துப் பட்டறையில் விட்டால் "நாலு நாள்" என்பார்கள். நாலு நாள் என்று சொன்ன மேஸ்திரி நாலாவது நாளில்தான் முதல் ஸ்பேனரை எடுப்பார். அந்த நாட்களுக்கு டிரைவர் படி, விட்டுப்போன டிரிப், வேறு வண்டி வைத்து அனுப்பியதில் கைவிட்டுப் போன வாடிக்கை, எல்லாம் சேர்ந்ததுதான் எஃப்.சி. செலவு.

இங்கே வடசென்னைக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது: துரு. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு என்று கடலை ஒட்டியே வண்டி நின்று ஓடுகிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் டிப்பர், ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றும் வண்டி, இரண்டுக்கும் சேஸிஸ் வயதுக்கு மீறிக் கிழடு தட்டிவிடும். சேலத்து வண்டி பதினைந்தில் இருக்கும் நிலையில் நம் வண்டி பதினொன்றிலேயே இருக்கும். பட்டறைக்கு விடுவதற்கு முன், பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் அடித்து மறைந்திருக்கும் கிராஸ் மெம்பர் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) மேல் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் பிழைத்தது. "பொத்" என்று கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால் இந்த வழியை மறந்துவிடலாம். சேஸிஸுக்குப் பட்டை வைத்து வெல்டிங் அடித்து ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. எஃப்.சி.யில் தேறினாலும் சம்மதமில்லை.

இதே வழியின் கள்ளத் தம்பி ஒன்று உண்டு: எஃப்.சி. நாளுக்கு மட்டும் ஜோடிப்பது. பட்டன் தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் நல்ல டயரை மாட்டிப் போவார்கள், மாலையில் திருப்பி மாட்டிவிடுவார்கள். ஸ்பீடு கவர்னரின் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டியவர்கள் அன்று மட்டும் இணைப்பார்கள். தீயணைப்பு சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும் வண்டிக்கு வண்டி ஊர்வலம் போகும். பணம் மிச்சம் என்று நினைப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பது விபத்து நடந்த அன்றைக்கு இருந்த டயரை, எஃப்.சி. அன்றைக்கு இருந்ததை இல்லை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்திடம் எஃப்.சி. இருந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வழி இரண்டு: விற்பது

பத்து வயது நெருங்கும்போதே, கட்டண அடுக்கு மாறுவதற்கு முன் விற்றுவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வாங்குகிறவருக்கும் அதே கணக்கு தெரியும் என்பதால் விலையில் அதைக் குறைத்துக்கொள்வார். எனவே கட்டணத்துக்குப் பயந்து விற்பதில் லாபமில்லை. நேஷனல் பர்மிட் முடிவதற்கு முன் விற்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. பத்து வயது ஆறு சக்கர வண்டியில் வாங்குபவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு வெளிமாநில ஓட்டம் மிச்சம் இருக்கும். பன்னிரண்டு முடிந்த மறுநாள் அதே வண்டியின் விலை வேறு.

விற்பதில் நான் பயப்படுவது விலையைப் பற்றி இல்லை, பெயர் மாற்றத்தைப் பற்றி. "முதல்ல அட்வான்ஸ், மீதி எஃப்.சி. காட்டினப்புறம், பேர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் என்பது வரவே வராது. வண்டி கைமாறி, அங்கிருந்து இன்னொரு கை மாறி, எங்கோ யார் மேலோ ஏறினால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்றதை ஒரே மாநிலம் என்றால் 14 நாளுக்குள், வெளிமாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆன்லைனில் விண்ணப்பம் போன ரசீதைப் பார்த்த பிறகுதான் சாவி. உறவுக்காரர் என்றாலும் அப்படித்தான். உறவுக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பாக.

வழி மூன்று: உடைத்துவிட்டுப் புதுசு எடுப்பது

முன்பெல்லாம் உடைப்பது என்றால் புதுப்பேட்டைதான். இன்றும் அங்கே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.யை ரத்து செய்யாமல் கொடுத்துவிட்டு, வண்டி துண்டு துண்டாகப் போன பிறகும் காலாண்டு வரி பாக்கி ஏறிக்கொண்டே இருப்பதைக் கண்டு திகைத்து என்னிடம் வந்தவர்களும் இருக்கிறார்கள். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள், பதிவும் ஒழுங்காக ரத்தாகும். புது வண்டி எடுக்கும்போது அந்தச் சான்றுக்குச் சலுகை உண்டு. வர்த்தக வண்டிக்கு வரியில் 15 சதவீதம் வரை மாநிலங்கள் தள்ளுபடி தரலாம் என்கிறது மத்திய விதி. அது எட்டு ஆண்டு வரைக்கும். வண்டிக் கம்பெனிகளும் 2024 ஆகஸ்டில், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஷோரூம் விலையில் 3 சதவீதம் தள்ளுபடி என்று இரண்டு ஆண்டுக்கு ஒப்புக்கொண்டன. டீலர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரி, பேருந்துக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும் புது வண்டி எடுப்பவருக்குச் சாதகம்.

புது வண்டியில் கிடைப்பது என்ன? 28.5 டன். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு எஃப்.சி. முழு பர்மிட் ஆயுள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், அது 2015-க்குப் பிறகு வந்த கனரக வண்டிகளில் எல்லாம் இருக்கிறது. ஏ.சி. கேபின், அது 2025-இல் கட்டாயமானது. ஏ.சி.யை ஆடம்பரம் என்று சொல்கிற முதலாளிகள் ஒருமுறை மே மாதத்தில் துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில் எஞ்சின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து பார்க்கட்டும். நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று புலம்புகிறோமே, அவர்கள் இப்போது வண்டியைப் பார்த்துத்தான் வேலைக்கு வருகிறார்கள்.

கொடுக்க வேண்டியது என்ன? தவணை. பேச்சுக்கு, மாதம் எழுபதாயிரம் என்று வையுங்கள். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஐந்தாம் தேதி எடுத்துக்கொள்ளப்படும். நிரந்தர ஒப்பந்தம் கையில் இல்லாத ஒற்றை வண்டிக்காரர், புரோக்கர் கொடுக்கும் லோடை நம்பிப் புது வண்டி எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஒப்பந்தம் இருப்பவர் கதை வேறு. தண்டையார்பேட்டை, மணலி எண்ணெய் டெர்மினல்களில் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு இதில் தேர்வே கிடையாது. ஆயில் கம்பெனி டெண்டரிலேயே வண்டிக்கு வயது வரம்பு போட்டிருப்பார்கள். கன்டெய்னர் டிரெய்லர்காரர்களுக்கும் பெரிய கம்பெனி வேலை வேண்டுமென்றால் பழைய குதிரை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) எடுபடாது. அவர்கள் எஃப்.சி. தேதியைப் பார்த்து முடிவெடுப்பதைவிட டெண்டர் தேதியைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

வழி நான்கு: நாலைந்து வயது வண்டி வாங்குவது

பழையதைக் கொடுத்துவிட்டு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியைக் கைமாறி வாங்குவது. மனசுக்குள் எல்லாருக்கும் பிடித்த வழி இதுதான்: தவணை பாதி, பர்மிட் ஆயுள் முக்கால். எடை 28.5 டன்னும் கிடைக்கும். இதில் எனக்குப் பாதி சம்மதம்தான். பி.எஸ்.6 வண்டியின் புகைக் குழாய்க்குப் பின்னால் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியே இருக்கிறது. யூரியா திரவம் ஊற்றாமல் ஏமாற்றி ஓட்டிய வண்டியா, சென்சாரை ஜோடித்த வண்டியா என்பது வாங்கும் நாளில் தெரியாது. நம் மூலக்கடை மேஸ்திரி காதால் கேட்டே பழைய எஞ்சினைச் சொல்லிவிடுவார். இதற்கு லேப்டாப் செருகினால்தான் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாறும் எடுத்துப் பார்த்து, இ-சலான் பாக்கி, வரி பாக்கி, ஃபைனான்ஸ் நோட்டு (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) மூன்றையும் நம்பர் போட்டுப் பார்த்து, அப்புறமும் திருப்தியாக இருந்தால் வாங்கலாம். எண்ணூர் எல்லையில் வேலை செய்யாத வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் இந்த நான்கு வழிக்கும் பெரிய வித்தியாசம் வராது. அந்தப் பிரீமியம் எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததில்லை. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 20 முதல் 40 டன் வரை உள்ள சரக்கு வண்டிக்கு 43,950 ரூபாய், வரி தனி. பழைய வண்டிக்கும் அதேதான், புது வண்டிக்கும் அதேதான்.

ஆக, என்னிடம் கேட்டால்: ஆறு சக்கர வண்டி, பன்னிரண்டைத் தொடப் போகிறது, ஆந்திரா லோடுதான் பிழைப்பு என்றால் பதினொன்றிலேயே விற்றுவிடுங்கள். பத்து சக்கரம், உள்ளூர் ஓட்டம், சேஸிஸ் திடம் என்றால் பதினைந்து வரை வேலை பார்த்து ஓட்டுங்கள், கட்டண உயர்வைப் பார்த்து மிரள வேண்டாம். பதினைந்தைத் தாண்டிய டிரெய்லர் என்றால் பதிவு பெற்ற மையத்தில் உடைத்துச் சான்று வாங்குங்கள். அதற்குமேல் அதில் போடும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்தவனுக்குப் போடும் ரூபாய். இடைப்பட்டவர்கள் எதற்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒருமுறை போய்வந்த பிறகு பேசலாம்.

பேருந்துக்காரர்களுக்கு

கம்பெனி ஸ்டாஃப் பஸ், பள்ளி வேன் ஓட்டுபவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. லாரியில் போவது சரக்கு, பேருந்தில் போவது ஆட்கள். அதனால் பழசை வைத்திருக்கும் வழியில் நான் லாரிக்குக் காட்டிய தாராளத்தைப் பேருந்துக்குக் காட்ட மாட்டேன். தாம்பரம் சம்பவத்துக்குப் பிறகு 2012-இல் தமிழ்நாடு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனிச் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. 2022-இல் முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் வேண்டும் என்று சேர்த்தார்கள். பழைய வண்டியில் இதையெல்லாம் ஒட்டுப் போடுவதைவிட, இவை அனைத்தும் பொருந்தி வரும் வண்டியை எடுப்பது சுலபம். கடைசி இருக்கைக்குக் கீழே பிளைவுட்டைத் தூக்கிப் பாருங்கள். தரைத் தகரம் அங்கேதான் முதலில் போகும்.

ஸ்டாஃப் பஸ்ஸை ஆம்னியாகவோ ஸ்லீப்பராகவோ மாற்றிக் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம். 2025 அக்டோபரில் ஜெய்சல்மேரிலும் கர்னூலிலும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பேருந்துகள் எரிந்து பலர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அவசர வழி அடைபடாமல் இருக்கிறதா, திறக்கிறதா, கண்ணாடி உடைக்கச் சுத்தியல் தொங்குகிறதா என்பதை அதன் பிறகு செக் போஸ்ட்டில்கூடக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். கரூரிலோ வேறெங்கோ பாடி கட்டக் கொடுத்தாலும், பேருந்து பாடிக்கான ஏ.ஐ.எஸ். 052 விதிப்படி அங்கீகாரம் உள்ள கூடமா என்று கேட்டு, அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

கடைசியாக நாள் குறிப்பது பற்றி. மே மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் பள்ளிப் பேருந்து ஆய்வில் மூழ்கியிருக்கும். அந்த மாதத்தில் எஃப்.சி. முடிகிற லாரிக்காரர்கள் ஏப்ரல் நடுவிலேயே நாள் பதிந்துவிடுவது நல்லது. பதிவதற்கு முன் காலாண்டு வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இ-சலான் நான்கையும் பாருங்கள். சலான் பாக்கி ஒன்று நின்றாலும் விண்ணப்பம் நகராது. பிரதிபலிப்பு ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. மாற்றி ஒட்டிவிட்டுப் போய் அங்கே நின்று சுரண்டிக்கொண்டிருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். முதல் நாள் மாலையே சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரி பார்த்துவிட்டு, லோடு இல்லாமல் காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.